அடுத்த வீட்டுச் சாட்சி

(மும்பைத் தாக்குதலும் அயல்நாட்டுப் பத்திரிகை அபிப்பிராயமும் என்னும் பொருள்பற்றி நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு தமிழ் நாளேட்டின் செய்தி மேஜையில் முப்பதாண்டுகளுக்கு மேல் அமர்ந்து, பிறர் எழுதியதை வெட்டியும் சுருக்கியும் மொழிபெயர்த்தும் காலம் தள்ளியவன் நான். ஆராய்ச்சி என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்க எதையும் செய்தவனல்லேன். அப்படிப்பட்ட என்னை இந்த மேடைக்கு அழைத்து, பயங்கரவாதத்தைப் பற்றி அயல்நாட்டுப் பத்திரிகைகள் கொண்டிருக்கும் அபிப்பிராயம் என்னும் பெரிய விஷயத்தைக் கையில் கொடுத்தபோது, அதை என் அளவுக்குச் சுருக்கிக்கொள்ள அனுமதி கேட்டேன். உலகத்துப் பத்திரிகைகளையெல்லாம் அலசுவது என்னால் ஆகிற காரியமல்ல. ஒரு தாக்குதல், அது நடந்த இரவில் அயலார் எழுதியது, ஐந்தும் பத்துமாக ஆண்டுகள் கழிந்த பின் அயலார் எழுதியது, இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

2008 நவம்பர் 26, புதன்கிழமை. வெளியூர்ப் பதிப்புகள் அச்சுக்குப் போய், நகரப் பதிப்பின் முதல் பக்கத்தை மூடும் தறுவாயில், மும்பையில் துப்பாக்கிச் சூடு என்று ஏஜென்சிச் செய்தி ஒற்றை வரியாக வந்து விழுந்தது. தாதாக் கும்பல்களின் சண்டையாக இருக்கும் என்று ஐந்தாம் பக்கத்தில் ஒதுக்கிவைக்கப் பார்த்தோம். அரை மணி நேரத்துக்குள் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம், லியோபோல்டு உணவகம், தாஜ், ஓபராய், நரிமன் இல்லம் என்று இடப்பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரத் தொடங்கியதும், மூடிய பக்கத்தைத் திரும்பத் திறந்தோம். அப்போது எனக்கும், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்த ஓர் இளைஞருக்கும் ஒரு சொல்லைப் பற்றி வாக்குவாதம் மூண்டது. லண்டனிலிருந்து வந்த செய்தியில் 'கன்மென்' என்றிருந்தது.

"துப்பாக்கி ஏந்திய மர்ம நபர்கள்னு போடலாமா சார்?" என்றார் அவர்.

"பிளாட்பாரத்துல உக்காந்திருந்த ஜனங்களைச் சுட்டவன் மர்ம நபரா தம்பி? பயங்கரவாதின்னு போடு."

"லண்டன்காரன் போடலையே சார்."

நேரம் போய்க்கொண்டிருந்ததால், வயதில் மூத்தவன் என்ற ஒரே அதிகாரத்தைக்கொண்டு நான் ஜெயித்தேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதில் நியாயம் இருந்தது என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன். ராய்ட்டர் நிறுவனத்தின் செய்தித் தலைமை, 2001 செப்டம்பரிலேயே, நியூயார்க் கோபுரங்கள் இடிந்த புழுதி அடங்குவதற்கு முன்பே, ஒருவனுக்குப் பயங்கரவாதியாகத் தெரிபவன் இன்னொருவனுக்கு விடுதலை வீரனாகத் தெரிவான் என்ற பழைய வாதத்தை எடுத்துக்காட்டி, அந்தச் சொல்லைத் தன் நிருபர்கள் தாமாகக் கையாளவேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. பி.பி.சி.யின் விதிநூலும் அதே எச்சரிக்கையை வேறு சொற்களில் சொல்வது. மும்பை விஷயத்தில் வாசகர்கள் கொதித்தெழுந்து எழுதிய கடிதங்களுக்குப் பதில் சொல்லும் கடமை நியூயார்க் டைம்ஸின் வாசகர் பிரதிநிதியாக அப்போதிருந்த கிளார்க் ஹாய்ட்டுக்கு ஏற்பட்டது. டிசம்பர் நடுவில் ஒரு முழுப் பத்தியே அவர் அதற்காக எழுதவேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவிரவாதி, பயங்கரவாதி, போராளி என்று மூன்று சொற்கள் தமிழில் இருக்கின்றன. ஈழத்துச் செய்திகளில் இம்மூன்றையும் ஒரே மனிதருக்கு, டில்லியிலும் சென்னையிலும் காற்றடித்த திசைக்கேற்ப, கிழமைக்கொன்றாகச் சூட்டிய கைகள் நம்முடையவை. என்னுடையதும் அதில் சேர்த்தி. ஆகவே லண்டன்காரரைக் குறை சொல்லும்போது நமக்குக் கொஞ்சம் கூச்சம் இருப்பது நல்லது. அதோடு, சொல்லை எழுத மறுத்தவர்கள் செய்தியைத் தேடத் தயங்கியவர்களல்லர் என்பதையும் பின்னே காட்டுவேன்.

தூரத்துப் பத்திரிகைகளின் அனுதாபம் எப்படிப்பட்டது என்பதற்கு மும்பைக்கு முந்திய உதாரணம் ஒன்று உண்டு. பாரிஸ் நகரத்து மாலைப் பத்திரிகையான லெ மோந்த், 2001 செப்டம்பர் 12 அன்று கடைகளுக்கு வந்தபோது, அதன் தலைவரான ழான்-மரி கொலொம்பானி முதல் பக்கத்தில் எழுதிய கட்டுரைக்கு, நாமெல்லோரும் அமெரிக்கரே என்பது தலைப்பு. அந்தத் தலைப்பு உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. கட்டுரையைப் படித்தவர்கள் எத்தனை பேரோ! படித்தவர்களுக்குத் தெரியும், பின் லேடனை வளர்த்துவிட்டதில் அமெரிக்காவுக்கே பங்கில்லையா என்ற கேள்வியும் அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருந்தது என்பது. அனுதாபத்தின் அடியில் கணக்கும் எழுதப்பட்டிருந்தது. பிறகு ஈராக் யுத்தம் வந்தது. அபு கிரைப் சிறைச்சாலையின் படங்கள் வெளியாயின. 2004 மே மாதத்தில், அதே கொலொம்பானி, அதே பத்திரிகையில், நாமெல்லோரும் அமெரிக்கரல்லாதவரா என்று தம் பழைய வாக்கியத்தைத் தலைகீழாக்கிக் கேள்விக்குறி போட்டார். மூன்று ஆண்டு கூட முழுதாக ஆகவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இழவு வீட்டுக்கு முதல் நாள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் வேறு. பதினாறு கழிந்து, சொத்துப் பிரிவினையில் பேச்சு முற்றி, பஞ்சாயத்து கூடும்போது, எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, நடந்தது இதுதான் என்று சொல்கிறவர் வேறு. முன்னவர்களின் கண்ணீரைச் சந்தேகிக்கவேண்டியதில்லை. ஆனால் வழக்குக்கு வேண்டியவர் பின்னவர்தான்.

மும்பைக்கும் முதல் நாள் கண்ணீர் ஏராளமாக வந்தது. இறந்தவர்கள் 166 பேர். சுமார் அறுபது மணி நேரம் நீடித்த அந்தக் கோரத்தில், தாஜ் ஹோட்டலின் குவிமாடத்துக்கு மேலே நெருப்பும் புகையும் எழும் படம் உலகத்துப் பத்திரிகைகளின் முதல் பக்கங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. அந்த ஹோட்டலில் தங்கியவர்களில் தம் நாட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்த பத்திரிகைகளுக்கு, ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு தரையில் உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பயணிகள் 50 பேருக்கு மேல் மடிந்தது இரண்டாம் பட்சமாயிற்று. இந்தியாவின் 9/11 என்று பெயர் வைத்தாயிற்று. நாவலாசிரியர் அமிதவ் கோஷ் டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸிலேயே எழுதி, அந்த உவமை பொருந்தாது என்று மறுத்தார். உவமை என்பது சும்மா வருவதல்ல. 9/11 என்று சொன்னால் அதற்கு அடுத்த அத்தியாயமாக ஒரு யுத்தமும் கூடவே வந்து நிற்கும். ரத்தம் காயாத அந்த வாரத்தில் அதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

இனி, ரயில் நிலையத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தின் கதைக்கு வருகிறேன்.

அந்த நிலையத்துக்கு நேர் எதிரே டைம்ஸ் ஆப் இந்தியா கட்டடம். அங்கே வேலையிலிருந்த மும்பை மிரர் இதழின் புகைப்பட ஆசிரியர், வெடிச் சத்தம் கேட்டதும் காமிராவோடு சாலையைக் கடந்து நிலையத்துக்குள் ஓடி, நின்றிருந்த ரயில் பெட்டியின் மறைவிலிருந்து படமெடுத்தார். முதுகில் நீலப் பை, பல பைகள் வைத்துத் தைத்த காற்சட்டை, கையில் ஏ.கே. ரகத் துப்பாக்கி, கல்லூரிக்குப் போகிற பிள்ளையைப் போன்ற முகம்: அஜ்மல் கசாப். கிரிக்கெட் பந்தயத்துக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறானே என்று எங்கள் மேஜையில் ஒருவர் சொன்னார். பிடிபட்டவன் அவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவன் பாகிஸ்தானியன் என்று இந்தியா சொன்னது. இஸ்லாமாபாத் அதை ஏற்கவில்லை.

அப்போது லண்டன் அப்சர்வர் பத்திரிகையின் நிருபர், பஞ்சாப் மாகாணத்தில் ஒகாரா ஜில்லாவிலுள்ள பரீத்கோட் என்னும் கிராமத்தைத் தேடிப் போனார். அப்பெயரில் ஊர்கள் பல உண்டு. எந்தப் பரீத்கோட் என்று கண்டறிந்து, வாக்காளர் பட்டியலைப் புரட்டி, பெற்றோரின் பெயர்கள் அதில் இருப்பதைக் காட்டி, டிசம்பர் 7 இதழில் எழுதினார். 'கன்மென்' என்று எழுதிய அதே லண்டன் தான் இதையும் எழுதியது. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று, கராச்சியின் டான் பத்திரிகை அதைவிடப் பெரிய காரியம் செய்தது. அந்தக் கிராமத்தில் பகோடா விற்றுப் பிழைக்கும் ஒரு மனிதர், பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, முதல் இரண்டொரு நாள் இவன் என் பிள்ளையாக இருக்கமாட்டான் என்று தம் மனத்துக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்ததையும், பிறகு, இவன் என் மகன்தான் என்று ஏற்றுக்கொண்டதையும், டான் அவர் வாயாலேயே சொல்லவைத்து வெளியிட்டது. மும்பைப் பத்திரிகைக்காரர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து எடுத்த படம், எல்லை கடந்து, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னே நின்ற ஒரு தகப்பனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நீதிமன்றங்களில் பின்னால் வந்த சாட்சியங்கள் எத்தனையோ. என் மனத்தில் முதலில் நிற்பது இதுதான்.

ஜின்னா 1941-இல் டில்லியில் தொடங்கிய பத்திரிகை டான் என்பதையும், அந்த டிசம்பரில் பாகிஸ்தானிய அரசாங்கம் கசாப் தன் பிரஜையல்ல என்றே சாதித்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், அந்தச் செய்தியை அச்சேற்றிய ஆசிரியரின் மேஜையில் அன்றிரவு எத்தகைய மௌனம் நிலவியிருக்கும் என்பது என்போன்ற தொழில்காரனுக்குப் புரியும். 2009 ஜனவரி 7 அன்றுதான் அரசாங்கம் வாய்திறந்து ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை முன்னதாகப் பத்திரிகைகளிடம் சொல்லிவிட்ட தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மகமூத் துரானியை அன்றே பதவியிலிருந்து நீக்கியது. உண்மையைச் சொன்னதற்குச் சம்பளம் அது.

ஆண்டுகள் ஓடின. 2012 நவம்பர் 21 அன்று புனே எரவாடா சிறையில் கசாப் தூக்கிலிடப்பட்டான். ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் மெழுகுவத்தி, மலர்வளையம், சிறப்பு மலர் என்று நாமும் பழகிப்போனோம். உணர்ச்சி வற்றிய இந்தக் காலத்தில்தான் அயல்நாட்டுப் பத்திரிகைகளின் உண்மையான உபயோகம் வெளிப்பட்டது என்பது என் கட்சி. 2014 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸும் புரோபப்ளிகாவும் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஸ்னோடன் வெளிப்படுத்திய ரகசிய ஆவணங்களின் துணைகொண்டு எழுதிய நெடுங்கட்டுரை, அந்தத் தாக்குதலை நடத்திய லஷ்கர்-இ-தொய்பா இயக்கத்தின் தொழில்நுட்பத் தலைவனான ஜரார் ஷாவின் கணினி நடமாட்டத்தைத் தாக்குதலுக்கு முன்பே பிரிட்டிஷ் உளவுத்துறை கவனித்துவந்ததையும், அமெரிக்கர் கையில் சில துண்டுகளும் இந்தியர் கையில் சில துண்டுகளும் இருந்ததையும், மூன்றையும் ஒட்டிப் பார்க்க ஒருவரும் இல்லாமற்போனதையும் சொல்லிற்று. மூன்று அரசாங்கங்களுக்கும் சங்கடமான கட்டுரை. எழுதியவர்களின் சொந்த அரசாங்கமும் அதில் ஒன்று.

அதற்கு அடுத்த ஆண்டு, 2015 ஆகஸ்டு 3 அன்று, டான் பத்திரிகையில் தாரிக் கோசா எழுதிய கட்டுரையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நான் இன்று பேச ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான். கோசா ஒரு போலீஸ் அதிகாரி. 2009-இல் பாகிஸ்தானின் மத்தியப் புலனாய்வு நிறுவனத்துக்குத் தலைவராயிருந்து மும்பை வழக்கின் புலன்விசாரணையை நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு எழுதிய அந்தக் கட்டுரையில் கோபமோ கண்ணீரோ பெயரளவுக்கும் இல்லை. ஒரு விசாரணை அதிகாரியின் டைரியைப் போல விவரம் விவரமாகப் போகிறது. கசாப் பாகிஸ்தானியன். பயிற்சி நடந்தது சிந்து மாகாணத்தில் தட்டா என்னும் ஊருக்கருகே. கடல் வழியே புறப்பட்டதும் அங்கிருந்துதான். மும்பையில் வெடித்த குண்டுகளின் உறைகள் அந்த முகாமிலேயே கிடைத்தன. இந்திய மீன்பிடி படகைக் கைப்பற்றப் பயன்பட்ட விசைப்படகு துறைமுகத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டு, வேறு வர்ணம் பூசி மறைக்கப்பட்டிருந்தது, அதையும் கண்டுபிடித்தார்கள். இவையெல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைத்தது ஒரு எஞ்சின். மும்பைக் கரையருகே கைவிடப்பட்ட ரப்பர் படகின் எஞ்சினில் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போன புலனாய்வாளர்கள், அது ஜப்பானிலிருந்து லாகூருக்கு இறக்குமதியாகி, லாகூரிலிருந்து கராச்சியிலுள்ள ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், அங்கே லஷ்கரைச் சேர்ந்த ஒருவன் படகோடு சேர்த்து அதை வாங்கினான் என்பது வரை வந்துவிட்டார்கள்.

தலையங்கங்கள் ஆயிரம் சேர்ந்தாலும் அந்த எண்ணுக்கு ஈடாகா. நாம் சொன்னால் பகைவன் பேச்சு என்று தள்ளலாம். வாஷிங்டன் சொன்னால் பெரியண்ணன் பேச்சு என்று தள்ளலாம். தன் காக்கி உடையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்த தன் வீட்டுப் போலீஸ்காரர், தன் வீட்டுப் பத்திரிகையில், தேதியோடும் இடத்தோடும் எழுதுவதை எப்படித் தள்ளுவது? பாகிஸ்தானில் அந்த வழக்கு ஏன் இழுபடுகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை: நீதிபதிகள் மாறிக்கொண்டேயிருந்தார்கள், வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் 2013 மே மாதத்தில் இஸ்லாமாபாத்தில் காரில் போகும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்.

2018 மே 12 அன்று மூன்றாவது சாட்சி வந்தது. பதவியிழந்திருந்த முன்னாள் பிரதமர் நவாஸ் ஷெரீப், மூல்தான் நகரில் டான் பத்திரிகையின் சிரில் அல்மெய்டாவுக்கு அளித்த பேட்டியில், எல்லை தாண்டிப் போய் மும்பையில் இத்தனை பேரைக் கொல்ல நாம் அவர்களை விடலாமா, வழக்கை ஏன் நம்மால் முடிக்க முடியவில்லை என்று கேட்டார். அரசியல்வாதி பேசியது அவர் கணக்குக்காகவும் இருக்கலாம். அதை நான் அதிகம் மெச்சமாட்டேன். ஆனால் எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் நேர்ந்ததைப் பாருங்கள். இரண்டு நாளில் தேசியப் பாதுகாப்புக் குழு கூடி அந்தப் பேச்சை நிராகரித்தது. பல ஊர்களில் டான் பத்திரிகை வாசகர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேராமல் தடுக்கப்பட்டது. அல்மெய்டாமீது ராஜத்துரோக மனு. லாகூர் உயர்நீதிமன்றத்தில் பிடிவாரண்டு. மறு ஆண்டு சர்வதேசப் பத்திரிகை நிறுவனம் அவரைக் கௌரவித்தது என்பதை ஆறுதலாகச் சொல்லலாம். பரிசு வாரண்டுக்கு மருந்தாகுமா?

இதைப்போன்ற துணிவு அரபு உலகத்திலும் தோன்றியதுண்டு. 2004 செப்டம்பரில் ரஷ்யாவின் பெஸ்லான் பள்ளிக்கூடத்தில் முந்நூறுக்கு மேற்பட்டோர், அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள், மாண்ட மறுநாளே, பத்திரிகையாளர் அப்துர் ரகுமான் அல்-ராஷித், அஷர்க் அல்-அவ்சத் என்னும் அரபு ஏட்டில் தம் மார்க்கத்தாரையே முகத்துக்கு நேரே நிறுத்திக் கண்டித்தார். அவர் சொன்ன சொல்லைப் பிறர் தம் வெறுப்புக்கு ஆயுதமாக எடுத்துக்கொண்டது வேறு கதை. வீட்டுக்குள் சொன்ன கண்டிப்பை வெளியார் தெருவில் கூவினால் அதன் குணமே மாறிவிடுகிறது.

அதனால்தான், டான் பத்திரிகையை நான் புகழும்போது நீங்கள் கைதட்டிய வேகத்தைக் கண்டு எனக்குச் சிறிது பயமும் உண்டாயிற்று. நமக்கு அனுகூலமாக இருந்ததால் தட்டினோமோ? 2012 ஆகஸ்டில் கசாப்பின் தண்டனையை உறுதி செய்த நம் உச்சநீதிமன்றம், அதே தீர்ப்பில், தாஜ் முற்றுகையைக் கண நேரமும் விடாது நேரடியாக ஒளிபரப்பிப் பாதுகாப்புப் படையினரின் உயிருக்கு ஆபத்து விளைத்த நம் தொலைக்காட்சிகளைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தப் பகுதியை அன்றிரவு எங்கள் பத்திரிகையில் எத்தனை வரி போட்டோம் என்று பழைய கட்டில் தேடிப் பார்த்தேன். நான்கு வரி. வெட்டியவன் நானாகவும் இருக்கலாம்.

சொல்லைப் பற்றிய சண்டையோ ஓயவில்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டபோது, நியூயார்க் டைம்ஸ் தலைப்பில் 'மிலிட்டன்ட்ஸ்' என்று வந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வெளியுறவுக் குழுவினர் அந்தத் தலைப்பின் படத்தை எடுத்து, அச்சொல்லை அடித்து, பயங்கரவாதிகள் என்று திருத்தி வெளியிட்டார்கள். பதினேழு ஆண்டுக்கு முன் என்னோடு வாதாடிய அந்த இளைஞர், இப்போது வேறொரு பத்திரிகையில் பெரிய பொறுப்பிலிருப்பவர், அன்றிரவே போனில் கூப்பிட்டார்.

"சார், அமெரிக்காக்காரனே நம்ம பக்கம் வந்துட்டான் பாத்தீங்களா?"

"அந்தச் சொல்லை விடுப்பா. எஞ்சின் நம்பர் மாதிரி எதையாவது யாராவது எழுதியிருக்கானா, அதைப் பார்த்துச் சொல்லு" என்றேன்.

பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மாணவர்களும் அப்படித் தேடிப் படிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். கோசாவின் கட்டுரையிலிருந்து தொடங்கலாம், ஒரே பக்கந்தான். அவர் எந்த வழக்கை முடிக்கும்படி அதில் கேட்டிருந்தாரோ, 2009-இல் ராவல்பிண்டியில் ஏழு பேர்மீது தொடங்கிய அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.